இடுப்புப் பையில் இருந்த பச்சரிசி: ஓர் ஓட்டக் குழுவின் நிகழ்வு ஆய்வு

கூட ஓடிய ஒரு தோழியின் ரத்தசோகையை நாங்கள் கவனிக்கத் தவறிய கதை இது. கோயம்புத்தூரில் ஐந்து பேர் சேர்ந்து ஓடும் ஒரு சிறு குழுவில் 2022 ஜூலை முதல் 2024 ஜனவரி வரை நடந்தது. சம்பந்தப்பட்ட தோழி இதைப் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களைத் திருத்திக் கொடுத்து, வெளியிடலாம் என்று சொன்ன பிறகே இங்கே வைக்கிறேன். யார் பெயரும் இதில் இல்லை. இதே மாதிரி குழுவாக ஓடுகிறவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம், என்னுடையதும் அதுதான்.

பின்னணி

எங்களில் யாரும் விளையாட்டு வீரர்கள் இல்லை. நாற்பதை ஒட்டித்தான் எல்லோரும் ஓட ஆரம்பித்தோம். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் (வயது 53, எல்லோருக்கும் அண்ணன்), ஒரு செவிலியர், ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தோழி, அப்புறம் நான். வார நாட்களில் ரேஸ் கோர்ஸ் நடைபாதை. ஒரு சுற்று சுமார் 2.5 கிலோமீட்டர், நாலு சுற்று போனால் பத்து. ஞாயிறு லாங் ரன் (நீண்ட தூர ஓட்டம்), பெரும்பாலும் வடவள்ளி வழியாக மருதமலை அடிவாரம் வரை.

அட்டவணை போடுவது என் வேலை. பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று ஃபுல் (முழு மாரத்தான்) ஓடிய அனுபவமும், நிறையப் படித்ததும் மட்டும்தான்.

தோழிக்கு அப்போது 39 வயது. மகளுக்கு 11, மகனுக்கு 6. கணவர் நூற்பாலையில் மேற்பார்வையாளர், மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. 2022 தொடக்கத்தில் தோழி ஒரு ஹாஃபை (அரை மாரத்தான்) 2 மணி 26 நிமிடத்தில் முடித்திருந்தார். அடுத்த ஜனவரியில் சென்னையில் முதல் ஃபுல், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார். குழுவிலிருந்து அண்ணனும் நானும் கூடப் பதிவு செய்தோம். ஆறு மாதம் கையில் இருந்தது. வாரம் 30 கிலோமீட்டரில் தொடங்கி 48 வரை ஏற்றுவதாகத் திட்டம்.

அவருடைய நாள் எப்படிப் போனது என்பதை நாங்கள் யாரும் முழுசாகக் கேட்டதில்லை. பின்னால்தான் தெரிந்தது. 3.40க்கு அலாரம். இரண்டு டிபன் பாக்ஸுக்குச் சமைத்து, மாமியாருக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டு, ஸ்கூட்டரில் 5 மணிக்கு ரேஸ் கோர்ஸ் வருவார். 6.30க்கு வீட்டில் இருக்க வேண்டும், மகனைக் குளிப்பாட்ட. ராத்திரி படுக்கப் போக 11 ஆகிவிடும். இந்தக் கணக்கில் தூக்கம் நாலரை மணி நேரம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை

முதல் ஆறு வாரம் நன்றாகவே போனது. ஈஸி ரன்னில் (சிரமமில்லாத மெது ஓட்டம்) கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 20 வினாடி, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 145 முதல் 150 வரை. ஆகஸ்ட் கடைசியில் அதே துடிப்புக்கு வேகம் குறைந்து, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 45 வினாடி ஆனது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் 8 நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

இந்த எண்கள் எல்லாம் என் கண்முன் இருந்தன. ஒரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் எல்லோருடைய கிலோமீட்டரையும் பட்டியலாகப் போடுவேன். யார் திட்டத்தை முடித்தார்களோ அவர்கள் பெயருக்கு நேரே பச்சை டிக். தோழி பெயருக்கு நேரே ஒரு நாள்கூட டிக் விடுபடவில்லை. வேகம் குறைந்தது தெரிந்தது. ஆனால் தூரம் சரியாக வந்ததால், சோர்வு சேர்ந்திருக்கும், ஒரு வாரம் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் குறைத்தும் சரியாகவில்லை. அடுத்த ஞாயிறு 24 கிலோமீட்டர் லாங் ரன்னில் பதினெட்டாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். அப்போது நான் சொன்ன வார்த்தை நன்றாக நினைவிருக்கிறது: “உடம்பு தயார்தாங்க. மனசுதான் தயங்குது. மனசு வெச்சா முடியும்.” அவர் பதில் சொல்லாமல் ஓடி முடித்தார். அன்று மாலை பட்டியலில் டிக் போட்டேன். எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள்.

இந்த நிகழ்வில் மிகப் பெரிய பிழை அதுதான் என்று இப்போது கருதுகிறேன். ஊக்கம் என்று நினைத்து நாங்கள் கொடுத்த ஒவ்வொன்றும், “முடியவில்லை” என்று சொல்லும் வழியை அவருக்கு அடைத்துக்கொண்டே வந்தது.

வேறு அறிகுறிகளும் இருந்தன. அலுவலகத்தில் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார். தலைமுடி கொத்தாகக் கொட்டியிருக்கிறது. ராத்திரி படுத்தால் கால் ஓயாமல் குறுகுறுக்கிறது என்று என்னிடமே சொன்னார், நான் காலை நீட்டி மடக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு

மருதமலை அடிவாரத்தில் திரும்பும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்போம். நாங்கள் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தோம். அவர் சற்றுத் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்று, இடுப்புப் பையிலிருந்து குங்குமச் சிமிழ் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். அதிலிருந்து ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டார். நறுக் நறுக்கென்று சத்தம். செவிலியர் போய்ப் பார்த்தார். பச்சரிசி.

“எத்தனை நாளா திங்கறீங்க?” என்று கேட்டார். ஏழெட்டு மாதமாக, ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் வரைக்கும் போகிறது என்று மிகவும் கூச்சத்தோடு சொன்னார். வாய் கேட்கிறது, நிறுத்த முடியவில்லை.

பச்சரிசி, சாம்பல், சுவர்க் காரை, மண் இவற்றைத் தின்னத் தோன்றுவது நம் ஊரில் பலருக்கும் தெரிந்த விஷயம். உடம்பில் இரும்புச்சத்து வற்றும்போது பலருக்கு இப்படித் தோன்றும். கால் குறுகுறுப்பு, முடி கொட்டுவது, படியேறினால் மூச்சு, ஒரே துடிப்புக்கு வேகம் குறைவது எல்லாம் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. செவிலியர் அன்று அவரை மேற்கொண்டு ஓட விடவில்லை. அண்ணன் வடவள்ளி வரை ஓடிப் போய்க் காரை எடுத்துவந்தார்.

செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. பெரியவர்களுக்கு 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த உடம்போடுதான் வாரம் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தார். அவர் விதிவிலக்கும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து பேர் குழுவில் மூன்று பெண்கள் இருந்தும், ஓட்டத்துக்கு முன் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மருத்துவரிடம் செவிலியர் கூடப் போனார். கணவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தார், மாமியாரும் கிளம்பி வந்துவிட்டார். “ஓடி ஓடித்தான் இவ ரத்தமெல்லாம் வத்திப் போச்சு, நீங்களாச்சும் நிறுத்தச் சொல்லுங்க” என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது மாமியாரின் எண்ணம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு என்றே மருத்துவரும் சொன்னாராம். வியர்வையில் கொஞ்சம், பாதம் தரையில் அடிபட்டுச் சிவப்பணு உடைவதில் கொஞ்சம், குடலில் கொஞ்சம் என்று தூரம் ஓடுகிறவர்களுக்கு இரும்பு போகத்தான் செய்யும். ஆனால் 9.8க்கு அது மட்டும் காரணமாக இருக்காது என்று சொல்லி, மாதவிலக்கு பற்றிக் கேட்டிருக்கிறார். எட்டு நாள், முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டும், இரண்டு வருடமாக இப்படித்தான். இதை அவர் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஸ்கேனில் கருப்பையில் சிறிய நார்க்கட்டி தெரிந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை, உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள்.

அங்கே மாமியார் ஒரு விஷயம் சொன்னதாகத் தோழி பிறகு சொன்னார்: “நானும் மாசமா இருக்கறப்ப புத்து மண்ணு தின்னுருக்கறேன். யாருகிட்டச் சொல்றது?” அன்றிலிருந்து அந்த வீட்டில் எதிர்ப்பு குறைந்தது. புதனும் ஞாயிறும் ஆட்டு ஈரல் வந்தது, சமைத்தது மாமியார். கீரையைவிட ஈரலில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். ஆனால் ஃபெரிட்டின் 6இல் இருக்கும்போது சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது, மாத்திரை அவசியம் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும் நாளில் ஓடி முடித்தவுடனே, நெல்லிக்காய்ச் சாறோடு. கடுமையாக ஓடினால் மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும் என்பதால் இந்த நேரம். அப்புறம் ஒரு மணி நேரம் காப்பி, டீ கிடையாது. இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் ஓடி முடித்ததும் எல்லோரும் ஃபில்டர் காப்பிக் கடையில் நிற்பதுதான் எங்கள் குழுவின் பெரிய சந்தோஷம். அவரை மட்டும் ஒதுக்க வேண்டாம் என்று நாங்களும் நெல்லிச் சாறுக்கு மாறினோம். காப்பியை அவரவர் வீட்டில் குடித்துக்கொண்டோம்.

ஃபுல் ஓடுவதா என்ற கேள்வியில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஹாஃபுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் அண்ணன். ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டும் வரை நடையும் மெதுவான சிறு ஓட்டமும் மட்டும், லாங் ரன் கூடாது என்பது மருத்துவர் சொன்னது. அதற்கே நவம்பர் நடுப்பகுதி ஆகிவிடும். மீதி ஏழு வாரத்தில் சென்னைப் புழுக்கத்துக்கு ஹாஃப் தயாரிப்புகூடச் சரியாக வராது என்று நான் சொன்னேன். இந்த முறை முடிவை அவரிடமே விட்டோம், எந்தப் பக்கமும் தள்ளவில்லை. பத்து நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு காலையில், “பிப் (ஓடுகிறவர் நெஞ்சில் குத்தும் எண் அட்டை) வேண்டாங்கண்ணா. ஆனா ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வேண்டாம், நானும் சென்னைக்கு வரேன்” என்றார்.

கிலோமீட்டர் பட்டியலை அன்றே நிறுத்தினேன்.

வீட்டுப் பக்கம் செய்தவை

மாத்திரை ரத்தத்தைக் கவனித்துக்கொள்ளும். நாலரை மணி நேரத் தூக்கத்தை யார் கவனிப்பது? இதை ஒரு ஞாயிறு அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, கணவரையும் வைத்துக்கொண்டு பேசினோம். ஓட்டக் குழு இன்னொரு வீட்டின் சமையலறைக் கணக்கைப் பேசுவது முறையா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். பகல் ஷிஃப்ட் வாரங்களில் டிபன் பாக்ஸ் தன் பொறுப்பு என்றார். மகள், தம்பியைத் தானே கிளப்பி விடுவதாகச் சொன்னாள்.

ராத்திரி ஷிஃப்ட் வாரம்தான் சிக்கல். தோழி வெளியே வந்தால் வீட்டில் குழந்தைகளும் முழங்கால் வலிக்கார மாமியாரும் மட்டும். ஆசிரியை அடுத்த தெருவில் இருப்பவர். அந்த வாரங்களில் ரேஸ் கோர்ஸ் வேண்டாம், வீட்டைச் சுற்றியே ஓடலாம் என்றார். மூன்று தெருவைச் சேர்த்தால் 700 மீட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலைக் கடப்பார்கள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமில்லை என்றால் கையை ஆட்டுவார். ஆசிரியையின் வேகத்துக்கு அது மிகவும் மெதுவான ஓட்டம். ஆனாலும் ஒரு நாளும் அவர் விட்டதில்லை.

2023 ஜனவரி, சென்னை

நவம்பர் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2. பச்சரிசி ஆசை அதற்கு முன்பே, மூன்றாவது வாரத்தில் போய்விட்டிருந்தது. ஜனவரியில் சேரன் எக்ஸ்பிரஸில் எல்லோரும் போனோம். அண்ணனும் நானும் நேப்பியர் பாலத்தருகே இருட்டில் புறப்பட்டோம். தோழி கிழக்குக் கடற்கரைச் சாலையில் 32ஆவது கிலோமீட்டர் அருகே உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம், ஐஸில் நனைத்த துண்டோடு நின்றார்.

அண்ணன் அங்கே வந்து சேர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது, குமட்டல் என்றார். வழக்கமாக நாங்கள், “இன்னும் பத்துதாண்ணா, விடாதீங்க” என்று கத்தியிருப்போம். தோழி கத்தவில்லை. அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். மோதிரம் விரலில் பதிந்து, இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. “எத்தனை தண்ணி குடிச்சீங்கண்ணா?” என்று கேட்டார். வழியில் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று டம்ளர், வெயிலுக்குப் பயந்து.

அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தாகத்தால் வரும் சோர்வு மாதிரியே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. நீண்ட நேரம் ஓடியவர்களிடமும், ஓட்டத்துக்குள் எடை கூடியவர்களிடமும் அது அதிகம். தயாரிப்பின்போது இதை நான் குழுவில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். நினைவில் வைத்துக்கொண்டவர் அவர்தான்.

தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, முதலுதவிக் கூடாரம் வரை அவரை நடத்திக் கூட்டிப் போனார். அங்கே ஒன்றரை மணி நேரம் வைத்துக் கவனித்து அனுப்பினார்கள். அண்ணன் ஓட்டத்தை முடிக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது அவர் சொன்னது: “அம்மிணி பத்து நாள் யோசிச்சு வேண்டாம்னு சொல்லுச்சு. அதைப் பார்க்காம இருந்திருந்தா நான் அங்க நின்னிருக்க மாட்டேன்.”

2023 முழுவதும், பிறகு 2024 ஜனவரி

பிப்ரவரியில் ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 24. மார்ச்சில் தூரத்தை மறுபடியும் ஏற்றத் தொடங்கினோம், முந்தைய ஆண்டைவிட மெதுவாக. வாரம் நாலு நாள் மட்டும் ஓட்டம். ராத்திரி ஷிஃப்ட் வாரங்கள் தாமாகவே ஓய்வு வாரங்களாக அமைந்தன. முதலில் அதைக் குறையாக நினைத்தோம். பின்னால் பார்த்தால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைப்பது நல்ல திட்டம்தான்.

இடையில் ஜூலையில் மகனுக்கு டெங்கு. இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. ஆசிரியை வீட்டிலிருந்து ஒரு வேளை, செவிலியர் வீட்டிலிருந்து ஒரு வேளை என்று சாப்பாடு போனது. ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அவராகத் திரும்பி வந்தார்.

2023 கோவை மாரத்தானில் ஹாஃபை 2 மணி 19 நிமிடத்தில் முடித்தார். 2024 ஜனவரியில் சென்னையில் ஃபுல், 5 மணி 21 நிமிடம். கடைசி பத்து கிலோமீட்டர் செவிலியர் கூட ஓடினார். கணவரும் குழந்தைகளும் முடிவிடத்தில் நின்றார்கள். வீடியோ காலில் மாமியார். மெடலை வாங்கியதும், “காலு எப்படி இருக்குது, ஏதாச்சும் தின்னியா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

மாற்றியவை, இன்னும் மாற்ற வேண்டியவை

புதிதாகத் தூரம் ஏற்றத் தொடங்கும் எல்லோரும், ஆண்களும் சேர்த்து, முதலில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கிறோம். பெண்களுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடியும். மாதவிலக்கு பற்றிய கேள்வியைச் செவிலியர் தனியாகக் கேட்கிறார், அந்தப் பதில் என்னிடம் வருவதில்லை, வரத் தேவையும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது “இந்த வாரம் குறைத்துப் போடுங்கள்” என்ற ஒரு வரி மட்டும்தான்.

ஞாயிறு காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி தூக்கம் எத்தனை மணி நேரம் என்பது. ஐந்துக்குக் கீழே என்றால் அன்று லாங் ரன் பாதிதான். ஒரே துடிப்புக்கு வேகம் இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் மனசைப் பற்றிப் பேசாமல் மருத்துவரிடம் அனுப்புகிறோம்.

சரிவராதவையும் உண்டு. பட்டியலை நிறுத்திய பிறகு அண்ணன் தன் ஓட்டத்தைப் பதிவு செய்வதையே விட்டுவிட்டார், அவருக்கு அந்தப் பச்சை டிக் உண்மையிலேயே உதவியிருக்கிறது. அவருக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன். சோடியம் விஷயத்தில், தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள் என்று சொல்கிறோம். கோவையில் ஓடும்போது சரி, சென்னையில் ஓடும்போது பயத்தில் எல்லோரும் இன்னமும் அதிகம்தான் குடிக்கிறார்கள். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு எடை மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு வருகிறார்.

ஆசிரியைக்கு ஜூனிலிருந்து பொள்ளாச்சிக்கு மாற்றல். ராத்திரி ஷிஃப்ட் வாரங்களில் அந்த 700 மீட்டர் தெருச் சுற்றுக்கு யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குச் செவ்வாய் நான், வியாழன் செவிலியர்.